ரெட் ஜான் விஷயத்தில் நம்மை ஏமாற்றிவிட்டார்களா? 'தி மென்டலிஸ்ட்' முழுக் கதையும் பேசும் இழை

கொண்டை ஊசி 14

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கொலைகாரனின் பெயர் இந்தப் பதிவிலேயே வருகிறது. பார்த்து முடிக்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடுங்கள். பிறகு என்மேல் பழி போடாதீர்கள்.

ஏற்காட்டில் கனமழை பிடித்தால் டிஷ்ஷில் சிக்னல் அறுந்துவிடும். அதற்காகவே வைத்திருக்கும் டிவிடி பெட்டியிலிருந்து 'தி மென்டலிஸ்ட்' தொடரை எடுத்து மறுபடியும் ஆரம்பித்தேன். ஏழு சீசன், 151 பகுதிகள். ஆறாம் சீசனின் எட்டாவது பகுதியை, அதாவது ரெட் ஜான் சாகும் பகுதியை, இப்போதுதான் தாண்டினேன்.

கதை மறந்தவர்களுக்காக: பேட்ரிக் ஜேன் ஆவிகளோடு பேசுவதாகச் சொல்லிப் பிழைத்த ஒரு போலி. தொலைக்காட்சி நிகழ்ச்சியில் உட்கார்ந்து ரெட் ஜான் என்ற தொடர் கொலைகாரனைக் கேவலமாகப் பேசுகிறான். வீட்டுக்குப் போனால் அறைக் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. நீ சொல்வது போல உனக்கு ஞானதிருஷ்டி இருந்தால், உன் மனைவிக்கும் மகளுக்கும் நான் செய்திருப்பதைப் பார்க்கக் கதவைத் திறக்க வேண்டியிருக்காதே என்று எழுதியிருக்கிறது. அதன்பின் அவன் கலிபோர்னியா புலனாய்வுத் துறைக்கு ஆலோசகனாக வந்து சேர்கிறான். வாரத்துக்கு ஒரு கொலை முடியும். ரெட் ஜான் மட்டும் முடியமாட்டான்.

தொடர் ஆரம்பித்தது 2008 செப்டம்பர் 23. ரெட் ஜான் யார் என்று சொன்னது 2013 நவம்பர் 24. ஐந்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த விடை, ஷெரிஃப் தாமஸ் மெக்காலிஸ்டர். 'யார் அது?' என்று பாதிப் பேர் கேட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் சீசனின் இரண்டாவது பகுதியிலேயே அந்த ஆள் வருகிறான். நாபா பக்கத்து ஷெரிஃப். ஜேனோடு நின்று கல், காகிதம், கத்தரி விளையாடித் தோற்கிறான். நம் கண் முன்னாலேயே நின்றவன்தான்.

எனக்கு உறுத்துவது வேறு. சாகப்போகும் ஒரு பெண், ரெட் ஜானின் இடது தோளில் மூன்று புள்ளி பச்சை குத்தியிருக்கிறது என்று ஜேனிடம் சொல்லிவிடுகிறாள். எத்தனை அருமையான தடயம்! ஏழு பேர் கொண்ட சந்தேகப் பட்டியலில் அதற்குள் இரண்டு பேர் செத்தாயிற்று. மீதி ஐந்து பேரையும் மாலிபுவில் இருக்கும் தன் பழைய வீட்டுக்கு வரவழைத்து, சட்டையைக் கழற்றுங்கள் என்கிறான் ஜேன். ஒவ்வொரு தோளாகத் தெரிகிறது. மூன்று பேரிடம் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன!

போலீஸ், நீதித்துறை என்று எல்லா இடத்திலும் ஊடுருவிய ஒரு ரகசியக் கூட்டம், அதன் அடையாளம்தான் அந்தப் பச்சை என்று பிறகு தெரிகிறது. கூட்டத்தின் பெயர் பிளேக் சங்கம். அந்த இடத்தில்தான் தொடர் சாய்ந்தது என்பது என் கட்சி. ஒருவனைக் காட்டிக்கொடுக்க வேண்டிய தடயம் ஊரையே காட்டிக்கொடுத்தால், அப்புறம் துப்பறிகிறவனுக்கு என்ன வேலை?

தட்டுவடை செட்

அக்கா, மூன்று புள்ளியை மன்னித்துவிடலாம். ஏழு பேர் பட்டியலை மன்னிக்கவே முடியாது. ஐந்தாம் சீசன் முடியும்போது ஜேன் மூளையைக் கசக்கி ஒரு பட்டியல் போடுகிறான். உடனே ஒரு டிவிடி வந்து சேர்கிறது. ஏற்கெனவே செத்துப்போன அவனுடைய கூட்டாளி லொரெலை அதில் ரெட் ஜானின் கடிதத்தை வாசிக்கிறாள். அதே ஏழு பெயர்கள்! அவள் சாவதற்கு முன்பே பதிவு செய்ததென்றால், ஜேன் யோசிப்பதற்கு முன்பே அவன் யோசித்துவிட்டான் என்று அர்த்தம். எப்படி? கடைசிவரை நேரான பதில் வரவில்லை. அந்த இடத்தில் கதாசிரியர்கள் கடன் வாங்கினார்கள், திருப்பிக் கட்டவில்லை.

சூரமங்கலம் சந்திப்பு

பதில் இல்லாவிட்டால் என்ன? அந்த டிவிடி ஓடிய நிமிடத்தில் உங்களுக்கு மயிர்க்கூச்செறிந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள். எனக்குச் சிலிர்த்தது. கணக்கு வாத்தியார் மாதிரி வழிமுறைக்கு எத்தனை மதிப்பெண், விடைக்கு எத்தனை என்று பார்த்தால் எந்தத் தொடரும் தேறாது.

வேறு ஒரு சங்கதி. எங்கள் வீட்டில் அப்பா முதல் முறை கூட உட்கார்ந்தபோது 'சிபிஐ' என்று அட்டை மாட்டிய ஆட்கள் வந்ததும், டில்லியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். சாக்ரமென்டோவில் மாநில அரசு நடத்தும் சிபிஐ என்று புரியவைப்பதற்குள் பாதிப் பகுதி ஓடிவிட்டது. அதற்குப் பிறகும், 'மாநில அரசாங்கத்து ஆபீசில் ஒருத்தன் பட்டப்பகலில் தோல் சோபாவில் படுத்துத் தூங்குகிறான், கேட்பார் இல்லையா?' என்பதுதான் அவருடைய ஒரே சந்தேகம். கொலைகாரன் யார் என்பதைப் பற்றி அவர் கவலைப்படவே இல்லை.

ஓய்வு பெற்ற ரைட்டர்

அப்பா கேட்டது நியாயமான கேள்வி. நான் காவல் நிலையத்தில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியாள் ஒருவர் சம்பவ இடத்தில் பிணத்தை மோந்து பார்த்தார் என்று வழக்கு டைரியில் எழுதினால், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே வழக்கை முடித்துவிடுவார். அதைத் தொடர் என்பதற்காக மன்னித்துவிட்டேன்.

ஆனால் முதல் பகுதியில் ஒரு காட்சி இருக்கிறது. அதற்காகத்தான் இந்தத் தொடரை விடாமல் பார்த்தேன். ஒரு கொலை. சுவரில் ரத்தத்தில் வரைந்த சிரிக்கும் முகம். எல்லோரும் ரெட் ஜான்தான் என்கிறார்கள். ஜேன் மட்டும் இல்லை என்கிறான். அவன் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். ரெட் ஜான் செய்திருந்தால், கதவைத் திறப்பவர் கண்ணில் முதலில் சுவரில் இருக்கும் முகம்தான் பட வேண்டும். பார்த்த கணத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று நெஞ்சு சொல்லிவிடும். அதற்கப்புறம்தான் உடலைப் பார்க்க வேண்டும். அந்த வரிசை அவனுக்கு முக்கியம். இங்கே வரிசை மாறியிருக்கிறது, ஆகவே எவனோ பார்த்து வரைந்திருக்கிறான்.

ரத்தப் பரிசோதனை இல்லை, கைரேகை இல்லை. வாசலில் நின்று எது முதலில் கண்ணில் படுகிறது என்று பார்த்தான், அவ்வளவுதான். சம்பவ இட வரைபடம் எழுதிப் பழகியவர்களுக்கு இதன் அருமை தெரியும். கதவு எந்தப் பக்கம் திறக்கும், விளக்கு எங்கே இருந்தது என்பதையெல்லாம் சில சப்-இன்ஸ்பெக்டர்கள் எழுதவே மாட்டார்கள். நாங்கள் நச்சரித்து வாங்க வேண்டும்.

அப்படிக் கண்ணை வைத்துத் துப்பறிந்தவன், கடைசியில் ஐந்து பேர் சட்டையைக் கழற்றச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டான். கொண்டை ஊசி சொல்வதை அந்த அளவில் ஏற்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்காரி

நான் இன்னும் மூன்றாம் சீசன் கடைசிப் பகுதியில்தான் இருக்கிறேன். எச்சரிக்கையைப் படித்தேன், படித்துவிட்டும் கீழே வந்தேன், அது என் கைக் கொழுப்பு. ஆனால் ஒன்று கேட்க வேண்டும். வணிக வளாகத்தில் அந்த ஆள் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறான். ஜேனின் மகளின் வாசனையும் மனைவியின் வாசனையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்ட்ராபெரியும் கிரீமும், லாவண்டரும். ஜேன் சுட்டுவிட்டு மறுபடியும் நாற்காலியில் போய் உட்கார்கிறான். அப்படியானால் செத்தவன் ரெட் ஜான் இல்லையா? மேலே ஏதோ ஷெரிஃப் பெயர் எழுதியிருக்கிறீர்களே!

தட்டுவடை செட்

அக்கா, தயவுசெய்து இழையை மூடிவிட்டு நான்காம் சீசனைப் போடுங்கள். உங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன்.

குகை வக்கீல்

மூடப் போகிறவர் இதைப் படிக்காமலே மூடட்டும்.

சுடப்பட்ட டிமதி கார்ட்டர் ரெட் ஜான் இல்லை. அதைவிட விசித்திரம், நான்காம் சீசன் முதல் பகுதியில் ஜேன் தனக்காகத் தானே வாதாடி, செத்தவன்தான் ரெட் ஜான் என்று ஜூரிகளை நம்பவைத்து விடுதலையாகிவிடுகிறான். நூற்றுக்கணக்கான பேர் நடமாடும் இடத்தில், ஆயுதம் கையில், குற்றத்தை மறுக்கவும் இல்லை. இருந்தும் விடுதலை!

நம் ஊரில் இது நடக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நடந்திருக்கிறது, ஆனால் நிலைக்கவில்லை. 1959 இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலனைச் சுட்டார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றவாளி இல்லை என்றார்கள். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அங்கே ஆயுள் தண்டனை. 1961 இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பிற்பாடு மன்னிப்புக் கிடைத்தது வேறு கதை. இப்போது நம் குற்றவியல் நீதிமன்றங்களில் ஜூரியே கிடையாது. சேலத்தில் ஒரு செஷன்ஸ் நீதிபதி முன்னால் ஜேன் அந்தப் புன்னகையோடு நின்றிருந்தால், 'திடீர் ஆத்திரமூட்டல்' என்ற வாதம்கூட எடுபட்டிருக்காது. துப்பாக்கியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு எது திடீர்?

இன்னொன்று. ரெட் ஜானோடு பழகிய ரோசலிண்ட் என்ற பார்வையற்ற பெண்ணை அழைத்துவந்து கார்ட்டரின் முகத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். அவள் தடவிப் பார்த்துவிட்டு இவர் அவரில்லை என்கிறாள். தொடரிலேயே எனக்குப் பிடித்த சாட்சி அவள்தான். நம் நாட்டில் 2013 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, அடையாளம் காட்டுகிறவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் மாஜிஸ்திரேட் மேற்பார்வையில், வீடியோ பதிவோடு அதைச் செய்ய வேண்டும். அது கைதானவரை அடையாளம் காட்டுவதற்கான விதி, பிணவறைக்கு அல்ல. ஆனாலும் தொடுகையை ஒரு சாட்சியமாக மதித்துக் காட்சி எழுதியவருக்கு ஒரு கும்பிடு.

அம்மாப்பேட்டை தறி

வக்கீல் ஐயா அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது சரி. அவள் ஆளை விவரிக்கும்போது பைன் மரமும் ஆணியும் மண்ணும் கலந்த வாசனை என்பாள். வேறு எந்தத் தொடரிலும் சந்தேக நபரை இப்படி வர்ணித்துக் கேட்டதில்லை.

நான் பெரும்பாலும் காதால்தான் தொடர் பார்க்கிறவன். தறியில் உட்கார்ந்தால் கண் பட்டில் இருக்க வேண்டும். ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் அன்றைய கூலி போயிற்று. பேத்தி பக்கத்தில் போனை வைத்துவிட்டுப் போவாள். நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவில் பேச்சு மட்டும் காதில் விழும். அதனால் நான் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் சீசன் கடைசியில் ஜேனைக் கட்டிப்போட்டுவிட்டு, முகமூடி போட்ட ஒருவன் ஆங்கிலக் கவிஞர் பிளேக்கின் புலிக் கவிதையைச் சொல்கிறானே, அந்தக் குரல் என் மண்டையில் அப்படியே நிற்கிறது. மெல்லிய, நிதானமான குரல். மெக்காலிஸ்டரின் குரலும் அதுவும் ஒரே தொண்டையிலிருந்து வந்தவை என்றால் என் காது ஒப்புக்கொள்ளாது. கண்ணால் பார்த்தவர்களுக்கு ஒருவேளை இது தட்டுப்பட்டிருக்காது. அந்தக் காட்சி எடுத்தபோது யார் ரெட் ஜான் என்று அவர்களுக்கே தெரியாது என்பது என் எண்ணம்.

சூரமங்கலம் சந்திப்பு

தறி அண்ணா, தெரியாமல் எழுதுவது குற்றமா? வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதியவர்கள் எல்லோரும் அடுத்த வாரம் என்ன என்று தெரிந்துதான் எழுதினார்களா? தொடர் அடுத்த சீசன் வருமா வராதா என்பதைப் பார்வையாளர் எண்ணிக்கை பார்த்துத் தொலைக்காட்சி நிறுவனம் முடிவு செய்கிறது. ஐந்து வருடம் கழித்து வரும் முடிவை முதல் வருடமே பூட்டி வைக்க யாரால் முடியும்? பூட்டி வைத்தாலும், அந்த நடிகருக்கு வேறு படம் கிடைத்துப் போய்விட்டால்?

அதனால்தான் சதிக்கூட்டம் தேவைப்படுகிறது. ஒருவன் செத்தாலும் கதை சாகாது. கொண்டை ஊசி அதைக் குறையாகப் பார்க்கிறார், நான் அதைத் தொடரின் பிழைப்பாகப் பார்க்கிறேன்.

கொண்டை ஊசி 14

பிழைப்பு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிழைப்புக்கு ஜேன் கொடுத்த விலையைப் பாருங்கள்.

ஆரம்பத்தில் ரெட் ஜானின் பலம் என்ன? ஆட்களைப் படிக்கும் திறமை. ஜேனுக்கும் அதே திறமைதான். லொரெலை ஜேனிடம் ஒரு வார்த்தை சொல்லி மாட்டிக்கொள்வாளே, நீங்கள் இருவரும் முதல் முறை கை குலுக்கியபோதே ஆயுள் நண்பர்களாகியிருக்க வேண்டும் என்று. ஆக, இருவரும் சந்தித்திருக்கிறார்கள், கை குலுக்கியிருக்கிறார்கள்! அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் ஜேன் தன் வாழ்க்கையில் கை குலுக்கிய ஒவ்வொருவரையும் நினைவிலிருந்து தோண்டி எடுக்கிறான். அது துப்பறிதல். அந்தப் பகுதியை ராத்திரி பார்த்துவிட்டுத் தூக்கம் வரவில்லை எனக்கு.

சதிக்கூட்டம் வந்த பிறகு ரெட் ஜானின் பலம் என்னவாயிற்று? எங்கு பார்த்தாலும் அவன் ஆள். பட்டியலில் ஒருவரான பெர்ட்ராமைப் போலீஸ்காரர் ஒருவரே சுடுகிறார். டிஎன்ஏ பரிசோதனையில் செத்தவன் பெயர் மாறுகிறது. எது வேண்டுமானாலும் நடக்கும், ஏனென்றால் உள்ளே ஆள் இருக்கிறான். இதற்குப் புத்திசாலித்தனம் வேண்டாம், தொலைபேசிப் பட்டியல் போதும். எதிரி முட்டாளானால் நாயகனும் முட்டாளாகிறான். சதி எந்த அளவுக்கு ஊதிப் பெரிதாகிறதோ அந்த அளவுக்குத் தடயங்களின் மதிப்பு குறைந்துகொண்டே போகிறது. யாரும் எதையும் செய்திருக்க முடியும் என்றால் இன்னார்தான் செய்தார் என்று நிரூபிக்க வழியே இல்லை.

ஏழு பேர் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட் ஸ்டைல்ஸ், கேல் பெர்ட்ராம், ரே ஹாஃப்னர், ரீட் ஸ்மித், பாப் கிர்க்லண்ட், பிரெட் பார்ட்ரிட்ஜ், மெக்காலிஸ்டர். இதில் எத்தனை பேரை ஜேன் யோசித்து விலக்கினான்? பார்ட்ரிட்ஜ் கொலையாகி விலகினான். கிர்க்லண்டை ஸ்மித் சுட்டான். ஸ்டைல்ஸும் ஹாஃப்னரும் வெடிகுண்டில் போனார்கள். பட்டியலைச் சுருக்கியது ஜேனின் மூளை இல்லை, பிணவறை.

தட்டுவடை செட்

'பட்டியலைச் சுருக்கியது பிணவறை.' இதற்கு மேல் இந்த இழையில் யாரும் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

ஏற்காடு ரோடுவாசி

எழுதத்தான் போகிறேன் தம்பி. வயதில் மூத்தவன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எல்லோரும் ஏதோ துப்பறியும் கதை அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்தது போலப் பேசிக்கொண்டிருக்கிறோம். நம் ஏற்காடு சாலையில் ஒரு நுழைவாயில் வளைவு மட்டும் மிச்சமாக நிற்கிறதே, மாடர்ன் தியேட்டர்ஸ், அங்கே 1950 இலேயே ஒரு துப்பறியும் படம் எடுத்தார்கள். 'திகம்பர சாமியார்'. வடுவூர் துரைசாமி அய்யங்கார் நாவல், டி.ஆர். சுந்தரம் இயக்கம். துப்பறிகிறவர் யார் தெரியுமா? எம்.என். நம்பியார்! வில்லனாகவே நாம் பார்த்துப் பழகிய அதே நம்பியார்தான் நாயகன். வேடத்துக்கு மேல் வேடம் போட்டுக்கொண்டு வருவார். கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது நம்பியார் என்று தெரியும். தெரியாதது படத்தில் இருக்கும் அயோக்கியர்களுக்கு மட்டும்தான். அதில்தான் ஜனங்கள் கை தட்டினார்கள்.

நான் சொல்ல வருவது, யார் என்ற கேள்வி இல்லாமலும் துப்பறியும் கதை நடக்கும். எனக்கு மெக்காலிஸ்டர் ஏமாற்றமாகவே இல்லை. அவன் பெயர் என்னவாக இருந்தாலும் ஜேன் அவனை என்ன செய்யப் போகிறான் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சியை நினைத்துப் பாருங்கள். தேவாலயத்தில் ஜேன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு புறாவைப் பறக்கவிடுகிறான். புறாவைக் கண்டால் மெக்காலிஸ்டருக்கு ஆகாது. அந்த ஒரு திடுக்கிடலில் துப்பாக்கி கை மாறுகிறது. அடிபட்டவன் ஓடுகிறான், இவன் துரத்துகிறான், முடிவில் வெறும் கையால் கழுத்தைப் பிடிக்கிறான். பேச வராதவனிடம், வருத்தப்படுகிறாயா என்று கேட்டுக் கண்ணைச் சிமிட்டிப் பதில் சொல்லச் சொல்கிறான். அதில் சதியும் இல்லை, சங்கமும் இல்லை. ஒரு தகப்பன் மட்டும்தான் இருக்கிறான்.

கொண்டை ஊசி 14

ஐயா, புறாவை மறந்தே போயிருந்தேன் என்று சொல்ல மாட்டேன், வேண்டுமென்றேதான் சொல்லாமல் விட்டேன். ஏனென்றால் அது உங்கள் கட்சிக்கு வலுச் சேர்க்கும். அந்த ஒரு காட்சியில் பழைய ஜேன் திரும்பி வருகிறான்: ஒருவனுடைய பயம் எது என்று கவனித்து வைத்துக்கொண்டு, அதைக் கோட்டுக்குள் ஒளித்து எடுத்துவருகிறான். அதற்காகவாவது எட்டாவது பகுதியை ஒப்புக்கொள்கிறேன். ஏழாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நம்பியார் விஷயத்தில் ஒரு வேறுபாடு. அந்தப் படத்தில் யார் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள், நாம் கேட்கவில்லை. இங்கே யார், யார் என்று ஐந்து வருடம் அவர்களே நம்மைக் கேட்கவைத்தார்கள். சாப்பிட உட்காரவைத்துவிட்டு, சாப்பாடு முக்கியமில்லை உபசாரம்தான் முக்கியம் என்று சொன்னால் எப்படி?

ஓய்வு பெற்ற ரைட்டர்

நிஜத்தில் சதி எப்படி இருக்கும் என்று ஒரு வரி. பச்சை குத்திக்கொள்ள மாட்டார்கள். ரகசியச் சொல் வைத்துக்கொள்ள மாட்டார்கள். புலிக் கவிதையின் முதல் இரண்டு வார்த்தையைச் சொன்னால் உதவி செய்ய வேண்டும் என்ற ஏற்பாடெல்லாம் இல்லை. ஒரு தாள் கோப்பில் சேராமல் போகும். ஒரு சாட்சிக்குச் சம்மன் போய்ச் சேராது. இவ்வளவுதான். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதை எடுத்தால் பார்க்க ஆள் இருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

குகை வக்கீல்

ரைட்டர் ஐயா, 'சம்மன் போய்ச் சேராது' என்பதை மட்டும் வைத்து நான் ஏழு சீசன் எழுதித் தருகிறேன்.

மிளகுக்கொடி

நாகலூரிலிருந்து. காப்பி பழுத்து ஆட்கள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்ததால் தாமதமாக வருகிறேன்.

2012 ஐ யாரும் நினைவுபடுத்தவில்லையே. சென்னைக்கு வெளியே மின்வெட்டு பகலையும் இரவையும் தின்ற வருடம். இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டில்தான் தொடர் பார்க்க முடியும். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இருந்தது. நாங்கள் நாலைந்து பேர் அங்கே கூடுவோம். பாதியில் பாட்டரி இறங்கிவிடும். பார்க்காத பாதியை இருட்டில் உட்கார்ந்து நாங்களே முடித்து வைப்போம். யார் கொலைகாரன், ஏன் செய்தான், ஜேன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று. மறுநாள் போட்டுப் பார்த்தால் பல தடவை நாங்கள் சொன்னது அவர்கள் எடுத்ததைவிட நன்றாக இருக்கும்.

ரெட் ஜான் என்று நான் சொன்ன ஆள் பார்ட்ரிட்ஜ். தடயவியல்காரன், முதல் பகுதியிலிருந்தே வருகிறவன், பிணத்தைப் பார்த்தால் முகத்தில் ஒரு ஆசை தெரியும். ஆறாம் சீசன் முதல் பகுதியிலேயே கொன்று, ஜேனின் மேலதிகாரி லிஸ்பன் முகத்தில் ரத்தத்தால் அந்தச் சிரிப்பை வரைந்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. பார்ட்ரிட்ஜாக இருந்திருந்தால் சங்கமே தேவைப்பட்டிருக்காது. எல்லாச் சம்பவ இடத்துக்கும் முறைப்படி வருகிறவன். எல்லாத் தடயமும் அவன் கை வழியாகத்தான் போகும். கொண்டை ஊசி கேட்கிற துப்பறிதல் அங்கே இருந்தது.

அம்மாப்பேட்டை தறி

பார்ட்ரிட்ஜ் குரலை இப்போது மறுபடியும் போட்டுக் கேட்டேன். புலிக் கவிதைக்கு அதுதான் பொருத்தம். மிளகுக்கொடி சொன்னதற்கு என் ஓட்டு.

சூரமங்கலம் சந்திப்பு

அப்படிச் செய்திருந்தால் எல்லோரும் முன்பே கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லி அதற்கும் திட்டியிருப்பீர்கள். கண்டுபிடிக்க முடிந்தால் எளிது, முடியாவிட்டால் மோசடி. பாவம் கதாசிரியர்கள்.

ரெட் ஜான் செத்த பிறகும் தொடர் ஓடியதே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடம் கழிந்து, ஜேன் எஃப்பிஐக்கு வந்து, ஆஸ்டினில் அலுவலகம் போட்டு, 2015 பிப்ரவரி 18 அன்று லிஸ்பனைக் கல்யாணம் செய்துகொண்டு முடிந்தது. எனக்கு அந்தக் கடைசி ஒன்றரை சீசன் பிடிக்கும். கொலை இருக்கிறது, தேநீர்க் கோப்பை இருக்கிறது, சதி இல்லை.

கொண்டை ஊசி 14

நீங்களே சொல்லிவிட்டீர்கள், சதி இல்லை, பிடிக்கிறது என்று. நான் வேறென்ன சொன்னேன்?

சூரமங்கலம் சந்திப்பு

வக்கீல் ஐயா, என் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற முடியுமா?

குகை வக்கீல்

போலீசிடம் கொடுத்திருந்தால் பார்த்துக்கொள்ளலாம். கொண்டை ஊசியிடம் கொடுத்துவிட்டீர்கள்.

தட்டுவடை செட்

அடுத்து 'காஸில்' பார்க்கலாமா? 2009 மார்ச்சில் ஆரம்பித்தது, எட்டு சீசன். துப்பறியும் கதை எழுதுகிற ஒருவன் நியூயார்க் போலீசில் பெக்கெட் என்ற பெண் அதிகாரியோடு சுற்றுகிறான். அவளுடைய அம்மாவை 1999 இல் யார் கொன்றார்கள் என்பதுதான் அடியில் ஓடும் நூல். கொன்றவனைப் பிடித்தால் அவனை ஏவியவன், ஏவியவனுக்கு மேலே ஒருவன் என்று ஏறிக்கொண்டே போகும்.

கொண்டை ஊசி 14

முழுவதும் பார்த்திருக்கிறேன். செனட்டர் வரைக்கும் ஏறுவதில் எனக்குக் குறை இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் ஒரே ஒரு ஆள்தான் நிற்கிறான்; ஒருவனிடம் கிடைத்ததை வைத்துத்தான் அடுத்தவனைத் தொட முடியும். ஆறாம் சீசன் கடைசிக்கு முந்தைய பகுதியில், சாட்சியம் எங்கே இருந்தது என்று தெரியும்போது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். தினமும் அவள் மேசைமேல் நம் கண் முன்னாலேயே... சரி, சொல்லவில்லை. அங்கே தொடரை நிறுத்திவிட வேண்டும். எட்டாம் சீசனில் செத்த பாம்பை மறுபடியும் எழுப்பி, இன்னொரு பெயரில் இன்னொரு பெரிய சதி. யாரும் அதைப் பார்க்க வேண்டாம்.

மிளகுக்கொடி

பார்க்க வேண்டாம் என்று சொன்ன பிறகு இங்கே ஒருவர்கூடப் பார்க்காமல் இருக்கப் போவதில்லை. தை பிறந்து அறுவடை முடியட்டும், அதற்கு முன்னால் ஆரம்பித்தால் நான் பின்தங்கிவிடுவேன்.

செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்காரி

நான்காம் சீசன் முதல் பகுதி முடிந்தது. விடுதலை செய்துவிட்டார்களே! இது எந்த ஊர் நியாயம்? மேலே வக்கீல் ஏதோ நீளமாக எழுதியிருப்பது தெரிகிறது. அதைப் படிக்கலாமா, இன்னும் காத்திருக்க வேண்டுமா?

தட்டுவடை செட்

நானாவதி வரைக்கும் படிக்கலாம் அக்கா. அதற்குக் கீழே கையால் மறைத்துக்கொள்ளுங்கள்.